பச்சை விழும்வரை

எங்கள் அலுவலகத்தில் இரண்டு வாரமாக ஒரே சண்டை. கூட்டத்தில் ஒருவர் பேசப் பேச, அதை ஒருத்தி தட்டச்சு செய்வாள். அந்த எழுத்து, காது கேளாதவர்களின் போனில் உடனுக்குடன் ஓட வேண்டும். நாங்கள் செய்துகொண்டிருந்த செயலி அதுதான். எழுத்து எந்த வழியாக ஓடுவது என்பதில்தான் எனக்கும் ராக்கெட்டுக்கும் தகராறு.

ராக்கெட் என் பக்கத்து மேசைக்காரன். புதிதாக எது வந்தாலும் முதல் ஆளாக ஏறி உட்கார்ந்துவிடுவான். அது எங்கே போகிறது என்று அப்புறம்தான் விசாரிப்பான். அதனால் அந்தப் பெயர். கெட்டிக்காரன்தான். அதை நான் அவனிடம் சொல்வதில்லை, தலைக்கனம் ஏற்கனவே போதுமான அளவு இருக்கிறது.

விஷயம் இவ்வளவுதான். போன் சும்மா சும்மா சர்வரிடம் போய் "ஏதாவது வந்ததா, ஏதாவது வந்ததா" என்று நச்சரித்துக்கொண்டே இருக்கலாம். போலிங் என்று பெயர். அதை இரண்டு பேரும் முதல் நாளே தூக்கிப் போட்டோம். எங்களுக்குள் இருந்த ஒரே ஒற்றுமை அது. அடுத்தது ஒருவழி ஓட்டம். போன் ஒரு தடவை இணைந்தால் போதும், சர்வர் வருவதையெல்லாம் அனுப்பிக்கொண்டே இருக்கும், வானொலி மாதிரி. கடைசியாக வெப்சாக்கெட், இருவழி. தொலைபேசி மாதிரி இரண்டு பக்கமும் நினைத்த நேரத்தில் பேசலாம்.

நான் ஒருவழிக் கட்சி. படிக்கிறவர் படிக்கத்தானே போகிறார், அவருக்கு எதற்கு இருவழி? இணைப்பு அறுந்தால் ஒருவழி ஓட்டம் தானாகவே ஒட்டிக்கொள்ளும், எழுத வேண்டிய நிரலும் பாதிதான். ராக்கெட் வெப்சாக்கெட்டைப் பிடித்துக்கொண்டு தொங்கினான்.

"ஒவ்வொரு வரியிலும் இருபது மில்லிசெகண்ட் மிச்சமாகும்."

"அந்த இருபதை வெச்சுக்கிட்டு என்ன பண்ணப் போறே? டீ குடிச்சிட்டு வருவியா?"

"இதுக்குப் பேர்தான் உடனடித் தொடர்பு. நீ கேக்கிறது தபாலாபீஸ்."

எங்கள் மேலாளர் பொறுமைசாலி. அவருடைய பொறுமையையே நாங்கள் தேய்த்துவிட்டோம். "உங்க சண்டையைப் பாக்கிறதுக்கு எனக்கு யாரும் சம்பளம் தரலை. ஒரு நிஜக் கூட்டத்துல ஓட்டிப் பாத்துட்டு முடிவைச் சொல்லுங்க. அதைத்தான் எல்லாருக்கும் விக்கப் போறோம், அப்புறம் மாத்த முடியாது" என்றார். நிஜக் கூட்டம் எங்கே கிடைக்கும் என்று ராக்கெட் விழித்தான். எனக்கு விழிக்க வேண்டிய அவசியமே இல்லை. என் அக்கா இருக்கிறாளே.

அக்கா ஒரு பேருந்துப் பணிமனையில் மின் வேலை பார்ப்பவள். பேருந்துக்கு அடியில் இருக்கும் பள்ளத்தில் இறங்கி, தலைக்கு மேல் கையை நீட்டி ஒயர்களோடு மல்லுக்கட்டுவதுதான் அவளுடைய அன்றாடம். முப்பது வயதுக்கு மேல் வந்த ஒரு காய்ச்சல் அவள் காதைக் கொண்டுபோய்விட்டது. குரலை விட்டுவைத்தது, அது இன்னும் பெரிதாகத்தான் ஆகியிருக்கிறது. எதிரில் நின்று ஒருவர் பேசினால் உதட்டைப் பார்த்துப் புரிந்துகொள்வாள். கூட்டம் என்றால் முடியாது. யார் பேசுகிறார் என்று திரும்புவதற்குள் அவர் பேசி முடித்திருப்பார்.

பணிமனையின் பாதுகாப்புக் குழுவில் அவளுக்கு ஓர் இடம் உண்டு. காது போவதற்கு முன்னால் தொழிலாளர்கள் ஓட்டுப் போட்டுக் கொடுத்த இடம். குழுவில் பள்ளத்தில் இறங்குகிற ஆள் அவள் ஒருத்திதான். மற்றவர்கள் எல்லாம் மேலே நின்று வேலை செய்கிறவர்கள். அந்த இடத்தை அவள் உயிராக நினைத்தாள். சம்பளம் கூட்டிக் கொடுத்தால்கூட அவள் அவ்வளவு சந்தோஷப்பட்டிருக்க மாட்டாள்.

"உங்க கூட்டத்துக்கு எழுத்து கொண்டுவரேன், படிச்சுக்கிறியா?" என்று கேட்டேன்.

"வேகமா வருமாடி?"

"பேசி வாயை மூடறதுக்குள்ள வரும்."

அப்படித்தான் சொன்னேன். நம்பிக்கைக்கு என்னிடம் எப்போதும் பஞ்சமில்லை.

கூட்டம் மதியச் சாப்பாட்டு வேளையில், பணிமனைக் கொட்டகையிலேயே நடந்தது. குழுக் கூட்டம்தான் என்றாலும் எல்லோருக்கும் ஓட்டு உண்டு என்பதால், வேலையாட்கள் எல்லோரும் பெஞ்சுகளில் உட்கார்ந்திருந்தார்கள். எழுதுவதற்கு, நாங்கள் மின்னல் என்று கூப்பிடும் தட்டச்சுக்காரர் வந்திருந்தார். நீதிமன்றத்தில் பல வருடம் தட்டச்சு செய்தவர். அவர் விரல்களைப் பார்த்தால் நமக்கு மூச்சு வாங்கும். லேப்டாப்போடு அவரை முன்வரிசையில் உட்கார வைத்தோம். அக்கா நடுவில், கையில் போனோடு. என்னுடைய ஒருவழி ஓட்டம் தயார்.

கூட்டத்தை நடத்தியவர் மூத்த மெக்கானிக். எல்லோரும் அவரைத் தலைவர் என்றுதான் கூப்பிடுவார்கள். கெட்டவர் இல்லை. அவசரக்காரர். எல்லாவற்றுக்கும் காலில் வெந்நீர் கொட்டிக்கொண்ட மாதிரிதான். மேசையில் தட்டுவதற்குச் சுத்தியலுக்குப் பதில் ஒரு பெரிய ஸ்பேனர் வைத்திருந்தார். ஒரு விஷயத்தைப் படிப்பார், "ஆட்சேபணை இருக்கா, இல்லை, நிறைவேறியது" என்பார், ணங்கென்று தட்டுவார். மூன்றும் ஒரே மூச்சில். அங்கே கூட்டம் அப்படித்தான் நடக்கும். யாரும் அதைத் தப்பாக நினைத்ததில்லை.

எழுத்து அழகாக ஓடியது. நான் ராக்கெட்டைப் பெருமையாகப் பார்த்தேன். அந்தப் பெருமை கொஞ்ச நேரம்தான்.

பள்ளத்துக்கு இறங்கும் ஏணியை அடுத்த வருஷம் மாற்றிக்கொள்ளலாம் என்று தலைவர் படித்தார். அந்த ஏணியில் இறங்குகிறவளே அக்காதான். அதன் ஒரு படி ஆடிக்கொண்டிருந்தது. ஆட்சேபணை இருக்கா, இல்லை, ணங். அடுத்து, புது மின்விசிறிகள் வாங்கிக் கொடுத்த நிர்வாகத்துக்கு நன்றி சொல்லும் தீர்மானம் தொடங்கிவிட்டது. மின்னல் கேட்டு, எழுதி, அது அக்கா போனுக்கு வந்து, அவள் படித்து முடித்தபோது ஏணி எப்போதோ நிறைவேறிவிட்டது. அது அவளுக்குத் தெரியாது. விருட்டென்று எழுந்து, கொட்டகை அதிரும் குரலில் "இதுக்கு நான் ஒத்துக்கவே மாட்டேன்! யாராவது விழுந்து செத்தாத்தான் உங்களுக்கெல்லாம் புத்தி வருமா?" என்றாள்.

மின்விசிறிக்கு.

கொட்டகையே சிரித்தது. அக்கா சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். சிரிப்பு எதற்கு என்று அவள் போனில் வரும்வரை நின்றுகொண்டே இருந்தாள். வந்ததும் உட்கார்ந்தாள். அவள் முகத்தை என்னால் பார்க்க முடியவில்லை. எனக்கு அழுகையும் ஆத்திரமும் சேர்ந்து வந்தது. ஆத்திரத்துக்குத்தான் வழிவிட்டேன்.

கூட்டம் முடிகிற சமயம் தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். "தப்பா எடுத்துக்காதம்மா. உன் நல்லதுக்குத்தான் சொல்றேன். அடுத்த கூட்டத்துல உன் இடத்தைக் காது கேக்கிற வேற யாருக்காவது குடுத்திடலாம்னு ஒரு தீர்மானம் கொண்டு வரேன்" என்றார். ஸ்பேனரைத் தட்டிவிட்டு வேலைக்குப் போய்விட்டார்.

அலுவலக வண்டி வரும்வரை நான் கொட்டகைக்கு வெளியே குறுக்கும் நெடுக்கும் நடந்தேன். ராக்கெட் பக்கத்தில் வந்து, "வெப்சாக்கெட்டா இருந்திருந்தா…" என்று ஆரம்பித்தான்.

"வாயை மூடு. மின்னலுக்குக் கேட்டு எழுதவே மூணு செகண்ட் ஆகுது. அக்கா படிக்க இன்னும் ரெண்டு. அதுல உன் இருபது மில்லிசெகண்டைக் கொண்டுபோய் எங்க ஒட்டுவே?"

"ஒட்டாது" என்று அவன் ஒத்துக்கொண்டான். அபூர்வம்தான். ஆனால் என் கட்சியும் ஜெயிக்கவில்லை என்பது எனக்கே தெரிந்தது. நாங்கள் இருவரும் எழுத்தை எவ்வளவு வேகமாக ஓட்டலாம் என்றே அடித்துக்கொண்டிருந்தோம். எவ்வளவு ஓடினாலும் அந்த ஸ்பேனரைப் பிடிக்க முடியாது.

அப்போதுதான் தலைவரைப் பார்த்தேன். ஒரு பேருந்தின் ஓட்டுநர் இருக்கையில் உட்கார்ந்திருந்தார். சாவி பொருத்தியிருந்தது, கையும் அதன் மேல்தான் இருந்தது. ஆனால் திருப்பவில்லை. எதிரே தூணில் ஒரு சிவப்பு விளக்கு எரிந்துகொண்டிருந்தது. மனுஷர் அதைப் பார்த்தபடி மெல்ல விசில் அடித்துக்கொண்டிருந்தார். காலில் வெந்நீர் எல்லாம் எங்கே போனதோ.

"எதுக்குத் தலைவரே நிக்கிறீங்க?" என்று கேட்டேன்.

"கீழ பள்ளத்துல ஆள் இருக்குல்லம்மா. முன்னாடி குரல் குடுப்போம், கீழேருந்து பதில் குரல் வந்தாத்தான் ஸ்டார்ட் பண்ணுவோம். இப்ப உங்க அக்காவுக்குக் கேக்காதுங்கிறதால பள்ளத்து விளிம்புல ஒரு சுவிட்ச் வெச்சிருக்கோம். அவ வெளிய வந்து சுவிட்சைத் தட்டினா இங்க பச்சை விழும்."

"பச்சை விழலைன்னா?"

அவருக்கு நிஜமாகவே கோபம் வந்துவிட்டது. "விழலைன்னா நிக்க வேண்டியதுதான். சாவியைத் திருப்ப நான் என்ன கொலைகாரனா?"

பச்சை விழுந்தது. வண்டி உறுமியது. அந்தப் பக்கம் அக்கா கையைத் துடைத்தபடி நின்றாள்; ஆடுகிற படியைத் தாண்டி, அடுத்ததில் கால் வைத்து ஏறி வந்திருந்தாள்.

அலுவலகத்துக்குப் போன உடனே மேலாளரின் அறைக்குள் நுழைந்தேன். "முடிவு பண்ணியாச்சு. வெப்சாக்கெட்."

பின்னாலேயே வந்த ராக்கெட் கதவில் சாய்ந்துகொண்டு இளித்தான். "அப்பவே சொன்னேன்ல?"

"நீ சொன்னது வேகத்துக்காக. எனக்கு வேணும்கிறது நிறுத்தறதுக்காக. விடை சரியா இருந்ததாலே நீ போட்ட கணக்கும் சரின்னு நினைச்சுக்காதே."

மேலாளருக்கு விளக்கிச் சொன்னேன். கூட்டம் நடத்துகிறவர் முன்னால் ஒரு திரை. அதில் ஒரே ஒரு விளக்கு. கடைசி வரியை அக்கா படித்து முடிக்கும்வரை சிவப்பு, முடித்தால் பச்சை. பச்சை இல்லாமல் எதுவும் நிறைவேறக் கூடாது. அவர் யோசித்தார். "கேக்க நல்லா இருக்கு. ஆனா அதுக்கு இருவழி எதுக்கு? எழுத்து ஒருவழியிலயே வரட்டும். படிச்சிட்டேன்னு தனியா ஒரு செய்தி அனுப்பினா போச்சு" என்றார்.

நல்ல கேள்வி. எங்கள் மேலாளரிடம் எனக்குப் பிடித்ததே அதுதான். "அனுப்பலாம். ஆனா அவ போன் நடுவுல செத்துப்போச்சுன்னா? விளக்கு பழைய பச்சையிலயே நின்னுடும். அதுதான் ஆபத்து. ரெண்டு முனையும் ஒரே இணைப்புல நாடி பாத்துக்கிட்டே இருக்கணும். அவ பக்கம் மூச்சு நின்னா, இந்தப் பக்கம் அடுத்த நொடி சிவப்பு."

"சரி, செய்ங்க" என்றார். அவ்வளவுதான், இரண்டு வாரச் சண்டை ஒரு டீ ஆறுவதற்குள் முடிந்தது.

எழுதி முடித்ததை முதலில் வீட்டில் சோதித்தோம். நான் சாப்பாட்டு மேசையில் லேப்டாப்போடு, அக்கா கூடத்தில் போனோடு. நான்கு வரி அடித்தேன். டக் டக்கென்று பச்சை விழுந்தது. எனக்கு ஒரே குஷி. நிமிர்ந்து பார்த்தால் அக்கா எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். போன் சோபாவில் குப்புறக் கிடந்தது.

தோளைத் தட்டித் திருப்பி, விளக்கைக் காட்டினேன்.

"நான் இன்னும் பாக்கவே இல்லையேடி. யார் பச்சை போட்டது?"

யார் போட்டது? ராக்கெட்தான். எழுத்து போனில் வந்து சேர்ந்ததுமே படித்ததாகக் கணக்கு வைத்து எழுதியிருந்தான். நானும் அதைப் படித்துப் பார்த்துச் சரி என்றிருந்தேன். எங்கள் தொழிலில் இருக்கிற அத்தனை பேரும் செய்கிற வேலை இது. போய்ச் சேர்ந்துவிட்டால் கடமை முடிந்தது என்று கையைத் தட்டிவிட்டுப் போய்விடுவோம்.

போனில் அவனைப் பிடித்து, தூங்கி வழிந்த குரலை எழுப்பி உட்கார வைத்தேன். "போய்ச் சேர்றதும் படிக்கிறதும் ஒண்ணாடா? போன வாரம் நான் அனுப்புன சோதனைப் பட்டியல் உனக்கு வந்து சேர்ந்துச்சே, படிச்சியா?"

"…மாத்திடறேன்."

மாற்றினான். நல்லபடியாகவே மாற்றினான். அக்கா கடைசி வரியைப் படித்துவிட்டுத் தன் கட்டைவிரலால் தொட்டால்தான் பச்சை. வேறு எவராலும், எதனாலும் அதைப் போட முடியாது.

தலைவரைச் சம்மதிக்க வைப்பதுதான் பாக்கி. அதை நான் கூட்டம் தொடங்கும் முன், எல்லோர் முன்னாலும் கேட்டேன். தனியாகக் கேட்டால் நழுவியிருப்பார். "தலைவரே, இதுவும் உங்க தூண் விளக்கு மாதிரிதான். கீழ ஆள் இருக்கும்போது வண்டியை எடுக்க மாட்டீங்க. இங்கயும் அதே சட்டம். சரியா?"

கொட்டகை அவரையே பார்த்தது. அவர் திரையைப் பார்த்தார், தூணைப் பார்த்தார், பிடரியைச் சொறிந்துகொண்டார். "நல்லா மாட்டிவிட்டியேம்மா. சரி, வை" என்றார்.

ஆனால் தீர்மானத்தை அவர் கைவிடவில்லை. முதல் விஷயமாகவே எடுத்தார். பாதுகாப்புக் குழுவில் எல்லாவற்றையும் உடனுக்குடன் கேட்டுப் பதில் சொல்லக்கூடிய ஆள் இருப்பது அவசியம் என்றும், அதனால் மின் பிரிவின் இடத்தை வேறொருவருக்கு மாற்றலாம் என்றும் கடகடவென்று படித்தார். "ஆட்சேபணை இருக்கா?" என்று கேட்டுக்கொண்டே ஸ்பேனரைத் தூக்கினார்.

சிவப்பு.

ஸ்பேனர் அப்படியே நின்றது. அவர் வாய் "இல்" என்பதுவரை போய், மூடிக்கொண்டது. அக்கா தலைகுனிந்து படித்துக்கொண்டிருந்தாள். மின்னலின் விரல்கள் தீர்மானத்தின் கடைசி வரியில் இருந்தன. அந்தக் கொட்டகையில் கூட்ட நேரத்தில் யாரும் அதுவரை அமைதியைக் கேட்டதில்லை. முதலில் சிலர் நெளிந்தார்கள். யாரோ இருமினார். அக்கா எழுந்து ஆட்சேபணை சொல்வாள், அது சரியான நேரத்தில் வரும், அதுவரைதான் நான் போட்ட திட்டம். அதற்கு மேல் அவளுக்கு ஆதரவாக யாராவது வாய் திறப்பார்களா என்பது எனக்குத் தெரியாது. அவள் ஒற்றை ஆட்சேபணையை ஓட்டுக்கு விட்டுத் தோற்கடித்துவிட அவர்களுக்கு ஒரு நிமிஷம் போதும்.

கடைசி பெஞ்சில் பெயிண்டர் உட்கார்ந்திருந்தார். உடம்பெல்லாம் மஞ்சள் தெறிப்பு. போன கூட்டத்தில் அவர் சிரித்தாரா, பேசினாரா என்றுகூட எனக்கு நினைவில்லை. அவ்வளவு ஓசைப்படாத மனுஷர். அவர் திரையைப் பார்த்தார். பிறகு அக்காவின் குனிந்த தலையைப் பார்த்தார். பிறகு மெதுவாகக் கையைத் தூக்கினார்.

அவருக்குப் பக்கத்தில் இருந்த டயர்க்காரர் அவரைத் திரும்பிப் பார்த்துவிட்டுத் தானும் தூக்கினார். அப்புறம் சன்னல் ஓரம் ஒரு கை. வாசலில் சாப்பாட்டுப் பாத்திரத்தோடு நின்ற பெண், பாத்திரத்தைக் கீழே வைத்துவிட்டுத் தூக்கினாள். விளக்கு இன்னும் சிவப்பு. நேரம் இருந்ததால் யோசித்தார்கள். யோசித்ததால் கைகள் எழுந்துகொண்டே இருந்தன. எனக்குக் கண் கரித்தது. ராக்கெட் என் பக்கத்தில் மூக்கை உறிஞ்சினான். தூசி என்றான்.

அக்கா படித்து முடித்தாள். கட்டைவிரலை வைத்தாள். பச்சை.

விருட்டென்று எழுந்து கையைத் தூக்கினாள். "எனக்கு ஆட்சேபணை இருக்கு தலைவரே! பள்ளத்துல இறங்கறவ நான். என் இடத்தை நான் யாருக்கும் தர மாட்டேன்!"

இந்தத் தடவை யாரும் சிரிக்கவில்லை. அது ஏன் என்று பார்ப்பதற்காக அக்கா திரும்பினாள். கொட்டகை முழுக்கக் கைகள். இருந்ததிலேயே தாமதமாக உயர்ந்தது அவள் கைதான்.

தலைவர் ஸ்பேனரைத் தட்டாமல் மேசையில் படுக்க வைத்தார். "சரிம்மா. தீர்மானம் விழுந்துபோச்சு. இடம் உன்னோடதுதான்" என்றார். பிறகு கடைசி பெஞ்சைப் பார்த்து, "ஏம்ப்பா பெயிண்டரு, இத்தனை வருஷத்துல நீ ஒரு நாளும் கை தூக்கி நான் பாத்ததில்லையே?" என்றார்.

"தூக்கறதுக்குள்ள தட்டிடுவீங்க."

கொட்டகை வெடித்துச் சிரித்தது. தலைவரும் சிரித்தார். சிரித்து முடித்து, அடுத்த விஷயம் என்று தாளைப் புரட்டி வாயைத் திறந்தவர், திரையைப் பார்த்தார். சிவப்பு. வாயை மூடிக்கொண்டு கையைக் கட்டிக்கொண்டார். அக்கா போனில் குனிந்திருந்தாள். எல்லோரும் சும்மா உட்கார்ந்து அவளையே பார்த்துக்கொண்டிருந்தோம்.

பெயிண்டரின் வரிக்கு வந்ததும் அக்கா சிரித்தாள். மொத்தக் கொட்டகையிலும் அவள் ஒருத்தியின் சிரிப்பு மட்டும், நல்ல சத்தமாக. அது ஓய்ந்து, அவள் கண்ணைத் துடைத்து, கட்டைவிரலை வைத்துப் பச்சை விழுந்த பிறகுதான் தலைவர் அடுத்த தீர்மானத்தைப் படித்தார்.